கண்ணாடியில் பதினேழு கோடுகள்

கருவிகள் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிப்பதற்காகவே கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கியவர் உலகநாதன். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய ஆம்னி வேனை வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றி, மெத்தை போட்டு, ஜன்னலுக்குத் திரை மாட்டினார். அதிலேயே படுத்து எழுந்து ஊர் சுற்றுவதாகத் திட்டம். மனைவி வசுமதியோடு ஏலகிரிக்கு ஒரே ஒரு தடவை போய்வந்தார். அடுத்த மாதமே அவள் மாரடைப்பில் போய்விட்டாள். வேன் நின்றது நின்றதுதான்.

2003 ஐப்பசி. சதுரங்கப்பட்டினத்து வீட்டு வாசலில், கடலுக்கு முகம் காட்டி நிற்கிற வேனை மழை முடியும்வரை மூடிவைப்பதா, வேண்டாமா? புதுப்பட்டினம் மெக்கானிக் ராஜாராமைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மூடாத வுட்டா உப்புக்காத்து மேல தின்னும் சார். மூடுனா உள்ளாற வேர்த்து, தரைய துரு தின்னும். என்னிய கேட்டா மூடாத. மேல தின்னா பெயிண்ட்டோட போவும்."

ஒருவர் சொன்னதை அப்படியே நம்பினால் அவர் உலகநாதன் இல்லையே. ஒற்றைப்படைத் தேதிகளில் தார்ப்பாய் போட்டார், இரட்டைப்படையில் எடுத்தார். உள்ளே காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானியை வைத்து நோட்டில் குறித்துக்கொண்டார்.

"இன்னா சார், வண்டிக்கு ஒருநாள் வுட்டு ஒருநாள் ஜுரம் பாத்துகினு கீறே?" என்றான் ராஜாராம்.

ஐந்தாம் தேதி ஈரமானியைப் பார்க்கத் தார்ப்பாய்க்குள் நுழைந்து, வேன் கதவைத் திறந்தார். ஜன்னல் கண்ணாடி முழுக்க உள்பக்கம் ஆவி படர்ந்திருந்தது. அதில் கோடுகள். நாலு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று. அப்படி மூன்று கட்டு. ஓரத்தில் தனியாக இரண்டு.

உலகநாதன் எண்ணினார். பதினேழு. ஏலகிரி மழையில், தலைக்கு எண்ணெய் தடவிய விரலால் வசுமதி போட்ட கோடுகள். மறுநாள் காலையில் சொன்னாள்: "பதினேழு தடவை குறட்டை விட்டேள். நான் முழிச்சிண்டு எண்ணினேன்."

"ஆதாரம்?"

அவள் கண்ணாடியைக் காட்டினாள். வெயிலில் அது காய்ந்து, பளிச்சென்றிருந்தது. உலகநாதன் வழக்கில் ஜெயித்தார். கண்ணாடியைத் துடைக்கச் சொன்னாள், அதையும் செய்யவில்லை; எண்ணெய்த் தடம் அப்படியே தங்கிவிட்டது. சோம்பேறித்தனத்துக்குச் சில சமயம் இப்படியும் பலன் உண்டு.

ஆறாம் தேதி தார்ப்பாயை எடுத்தார். கண்ணாடி காய்ந்தது, கோடுகள் மறைந்தன. ஏழாம் தேதி மூடினார், வந்தன. எட்டாம் தேதி தார்ப்பாயைத் தொடவில்லை. நோட்டையும்தான்.

மறுபடி வந்த ராஜாராம் வேனுக்குக் கீழே படுத்து, அதன் தரையை ஸ்பேனரால் தட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினான். "பொலபொலன்னு உதிருது சார்! தை பொறக்கறதுக்குள்ள கால் பூந்துடும். வண்டி வோணுமா, வோணாமா?"

"கண்ணாடி துருப்பிடிக்காதே, ராஜாராம்?"

அவன் இவரை மேலும் கீழும் பார்த்தான். "கண்ணாடி எங்க சார் துருப்பிடிக்கும்?" என்று முனகிக்கொண்டே டூல் பையைச் சுருட்டினான்.

அதன்பின் தினமும் மத்தியான சாப்பாடு முடிந்ததும் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே போய், நமுத்த மெத்தையில் படுத்துக்கொண்டு கோடுகளை எண்ணுவது பழக்கமாயிற்று. பதினேழு. எப்போதும் பதினேழு.

கார்த்திகையில் ஒரு நாள், மழைச் சத்தத்தில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். தன் குறட்டையிலேயே விழித்து, பழக்கதோஷத்தில் எண்ணினார். மூன்று கட்டு. தனியாக மூன்று.

வாழ்நாளில் அளவு தப்பாத மனிதர் மறுபடி எண்ணினார். புதுக் கோட்டிலிருந்து ஒரு துளி நீர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை அவர் ஆதாரம் கேட்கவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டார்.