மார்க்கெட்டை இடித்துக் கட்டிய ஊருக்கு ஒரு நாள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில் இருக்கும் ஓர் ஊருக்குப் போய் வந்தேன். ஊர்ப் பெயரைப் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஷூ கம்பெனிகளும் புது மார்க்கெட் கட்டடமும் இருக்கிற எந்த ஊரையும் நீங்கள் நினைத்துக்கொள்ளலாம்.

சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தாய்மாமா அருள்தாஸ் அங்கே பழைய மார்க்கெட்டில் ஷூ லேஸ், பாலிஷ், இன்சோல் விற்றுக்கொண்டிருந்தவர். பார்வை முழுதாகப் போய்ப் பத்து வருடமாகிறது. அதன் பிறகும் தனியாகவே போய்க் கடை திறந்தார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர், கடைதான் எல்லாம். மார்க்கெட்டை இடித்து மாடி வைத்துக் கட்டியபோது அவருக்கு முதல் மாடியில் ஒரு கடை ஒதுக்கினார்கள். மாதக் கடைசிக்குள் திறக்காவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். கூட இருந்து திறந்து வைக்கத்தான் போனேன்.

சத்துவாச்சாரியிலிருந்து புது பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். அங்கிருந்து திருப்பத்தூர் பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இடது பக்க ஜன்னல் கிடைத்தால் மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். "மார்க்கெட் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டேன். "மார்க்கெட் எங்கம்மா இருக்குது? மாலு மாதிரி கட்டி வெச்சிருக்காங்க" என்றார் கண்டக்டர். ஆனால் மேம்பாலத்தடியில் நிறுத்தியதும் "மார்க்கெட்லாம் எறங்கு" என்றுதான் கத்தினார்.

மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கோலும் லேஸ் பையுமாகக் காத்திருந்தார். பழைய மார்க்கெட்டில் அவருக்கு வழிகாட்ட ஆள் தேவைப்பட்டதில்லை. வாசலில் சொரசொரப்பான கல்தூண், பிறகு குழாயடிச் சேறு, பிறகு கருவாட்டு வாசனை, அதைத் தாண்டி இரும்புத் தராசு இடிபடும் சத்தம், பக்கத்தில் அவர் கடை. எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லாத அடையாளங்கள்.

புதுக் கட்டடத்தைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை, சுத்தமாகத்தான் இருக்கிறது. தரையெல்லாம் வழுவழு டைல்ஸ், வரிசையாக ஒரே அளவில் ஷட்டர், பெயின்ட் வாசனையைத் தவிர வேறு வாசனை கிடையாது. லிஃப்ட் ஓடவில்லை. நான் கையைப் பிடித்தேன், மாமா உதறிவிட்டார்.

"நீ சாயந்தரம் பஸ் ஏறிப் போய்டுவ. நாளைக்கு யார் கையப் புடிக்கிறது? நானே வர்றேன், நீ பின்னால வா."

முதல் தடவை பேன்சி கடைக்குள் நுழைந்துவிட்டார். கீழே போய் மறுபடி ஏறினார். இந்த முறை செல்போன் கடை. "இன்னா பெரியவரே, இங்க இன்னா?" என்று அந்தக் கடைக்காரர் கேட்டார். கேலியில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். மூன்றாவது முறை மாமா ஒவ்வொரு ஷட்டராகத் தடவிக்கொண்டே போய், தன் கடையையும் தடவிப் பார்த்துத் தாண்டிப் போய்விட்டார். வாயைத் திறக்காமல் நின்ற என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"எல்லாம் ஒண்ணா கீதும்மா" என்றார். "பேஜாரா போச்சு. சாவிய நீயே திருப்பிக் குடுத்துடு."

பிறகு பழைய கடை இருந்த இடத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார். கட்டடத்துக்கு முன்னால் இப்போது அது புல்தரை. ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்துகளில் வைத்து நடுவில் சிவப்பு இதயம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். இதயத்தின் மேல் கையை ஓடவிட்டு, "இது இன்னாது?" என்றார். சொன்னேன். அதன் அடியிலேயே துண்டை விரித்து லேஸ் கட்டுகளை அடுக்கினார். கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு பெண்கள், "அண்ணே, எங்க போய்ட்டீங்க இவ்ளோ நாளா?" என்று கேட்டு ஆளுக்கொரு ஜோடி வாங்கினார்கள். மாமாவின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குள் வாட்ச்மேன் வந்துவிட்டார். போட்டோ எடுக்க ஒரு குடும்பம் காத்திருந்தது.

"பெரியவரே, போட்டோல விழுறீங்க. கொஞ்சம் தள்ளிக்கோங்க."

"தள்ளிக்கிறேன் தம்பி" என்று எழுந்தார் மாமா. "எந்தப் பக்கம்?"

வாட்ச்மேன் அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தார். "அதுக்கில்ல, மேல இருக்கறவங்க என்னத் திட்டுவாங்க" என்று முணுமுணுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: கழிப்பறை இருக்கிறது, சுத்தம். வண்டி நிறுத்த இடம் தாராளம். எதிரே பிரியாணிக் கடையில் பன்னிரண்டுக்கே போய்விடுங்கள், தாமதித்தால் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய் தீர்ந்துவிடும். எழுத்துகளோடு படம் எடுக்க மாலை நாலரை நல்ல நேரம், வெயில் நேராக விழும். அடியில் உட்கார்ந்து யாரும் உங்களுக்குத் தொந்தரவு தரமாட்டார்கள். மாமாவை அன்று மாலையே என்னோடு அழைத்து வந்துவிட்டேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி. தினமும் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கதவருகே வந்து நிற்கிறார்.