ஆயுத பூஜைக்கு அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

மனுஷனுக்கு லேசாக இருமல் வந்தாலே டாக்டரிடம் ஓடுகிறோம். கம்ப்யூட்டர் மாசக்கணக்கில் இருமினாலும், மூச்சு நின்ற பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். இதுதான் ரிப்பேர் தொழிலின் லட்சணம். திருவள்ளூரில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்ப்பவள் நான். வேலை முடிந்து ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டதும் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "வேல இல்லாதப்போ இத்த ஆஃப் பண்ணணுமா, அப்படியே உட்டுடலாமா?"

ஆளைப் பார்த்து, மெஷினைப் பார்த்து ஒரு பதில் சொல்லிவிட்டு வருவேன். வந்த பிறகுதான் அவஸ்தை. கேஸ் அடுப்பை மூடினேனா என்று கடம்பத்தூர் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வருகிற ரகம் நான். அடுத்தவர் வீட்டு ஸ்விட்சுக்கும் நானே பொறுப்பு என்றால் தூக்கம் எப்படி வரும்? உங்களிலும் என் மாதிரி பயந்தாங்கொள்ளிகள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பம்ப்செட் நியாயம்

சோழவரம் பக்கம் நெல் விவசாயம் பார்க்கிற குடும்பம். மருமகள் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறாள். அவள் சாப்பிட எழுந்தால் போதும், மாமனார் வந்து சுவர் ஸ்விட்சைத் தட்டிவிடுவார். கரண்ட் வீணாகிறதாம். இப்படித் தட்டித் தட்டியே ஒரு நாள் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடித்துவிட்டது. சரிசெய்து கொடுத்த கையோடு பெரியவரை உட்கார வைத்து விளக்கினேன். முதலில் 'ஷட் டவுன்' கொடுக்க வேண்டும், அது தன் வேலையை முடித்துக்கொண்டு தானாக அணைய வேண்டும், அப்புறம்தான் சுவர் ஸ்விட்ச். அவருக்குப் பின்னால் நின்று மருமகள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னாம்மா இது, வயலுக்குத் தண்ணி பாஞ்சா பம்ப்செட்ட நிறுத்திட்டு வந்துக்கினே இருப்பேன், அதாண்ட நின்னு 'போய்ட்டு வரட்டுமா'ன்னு கேட்டுக்கினா இருக்கேன்?"

நிற்காத லைன்

கும்மிடிப்பூண்டியில் ஒரு வீட்டில் இதற்கு நேர் எதிர். பிரபு, தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். எல்லா ஷிஃப்டும் ஓடுகிற மெஷினைப் பார்த்துப் பார்த்து, வீட்டுக் கம்ப்யூட்டரையும் அணைக்கவே மாட்டார். மனைவி சுமதிக்கு அந்த இரைச்சலும் ஆகாது, சூடும் ஆகாது. குழந்தையின் போட்டோக்களுக்குக் காப்பி எடுக்கச் சொன்னார்கள். என்னிடம் இருந்த ஒரே காலி டிஸ்க்கைச் செருகி, காப்பி ஓட விட்டு, நீங்கள் சொந்தமாக ஒன்று வாங்குகிற வரை இது இங்கேயே இருக்கட்டும், நிதானமாக வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கிளம்பும்போது இருவரும் என்னை நடுவில் நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டார்கள். படுக்கப் போகும்போது அணைத்தாலும் தப்பில்லை, பகலில் கொஞ்ச நேரம் சும்மா ஓடினாலும் தப்பில்லை என்று வழவழா கொழகொழா என்று ஒரு பதில் சொன்னேன்.

பிரபு ஒத்துக்கொள்ளவில்லை. "அணைச்சி அணைச்சிப் போட்டா தான்க்கா மெஷினு தேயும். எங்க லைனு ஒரு தபா நின்னுச்சின்னா திரும்ப ஏத்தறதுக்குள்ள தாவு தீந்துடும்" என்றார். அடுப்படியிலிருந்து சுமதி குரல் கொடுத்தாள்: "அப்ப ஷிஃப்டு முடிஞ்சி நீ மட்டும் எதுக்கு ஊட்டுக்கு வந்து படுக்கற, நீயும் ஓடிக்கினே இருக்க வேண்டியதுதான?"

டக், டக்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம், கம்ப்யூட்டர் ஏதோ சத்தம் போடுகிறது என்று எங்கள் ஊர்க் கோயில் தெருவிலிருந்து கோமளா மாமி கூப்பிட்டார். அவர் கணவர் சம்பத் மாமா பெருமாள் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவித்து வந்தவர். தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. அதற்கு முன்னால் பாசுரங்களையெல்லாம் சொல்லிச் சொல்லி வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தார். மகன் இப்போது அந்தக் குரலைக் கேட்டுத்தான், வரிக்கு வரி திருப்பிச் சொல்லி, பாடம் பண்ணுகிறார். வேறு எங்காவது காப்பி இருக்கிறதா என்று கேட்டேன். மாமி கையை மேலே காட்டி, பெருமாள் பார்த்துப்பார் என்று இருந்துவிட்டோம் என்றார்.

கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்தேன். டக், டக் என்று டிஸ்க் அடித்துக்கொள்கிற சத்தம். அந்தச் சத்தம் வந்துவிட்டால், ஓடுகிற வரைதான் ஓடும். நின்றால் மறுபடி சுற்றும் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. காப்பி எடுக்க வேண்டிய டிஸ்க்கோ கும்மிடிப்பூண்டியில். புதிது வாங்கலாம் என்றால், கடைக்காரர் பூஜைக்காக ஷட்டரை இறக்கிவிட்டார். நான் டிஸ்க்கோடு வருகிற வரை தயவுசெய்து அணைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மாமா பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தபடி தலையாட்டினார். மாமிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "நாளைக்கு ஆயுத பூஜையாச்சேம்மா, ஒரு நாள்கூட ஓய்வு குடுக்காம ஓட்டினா சரஸ்வதி கோச்சுக்க மாட்டாளோ?"

குங்குமம் வைத்த டிஸ்க்

இருட்டில் அவ்வளவு தூரம் போகப் பயந்து, காலையில்தான் பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன். ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். வழுக்கி விழுந்தால் மாமாவின் குரலும் சேர்ந்து விழும் என்ற பயத்தில் உருட்டிக்கொண்டு போனதே பாதி. பிரபு வீட்டுக்குள் நுழைந்தால், நிறுத்தவே கூடாத கம்ப்யூட்டர் நின்றுபோய், மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது. முன்னால் பொரி, கடலை. என் டிஸ்க்கிலும் சந்தனம், குங்குமம்! என்ன பிரபு இது என்றேன். "பூஜைக்கு எங்க லைனே நிக்குதேக்கா" என்றார். டிஸ்க்கைக் கேட்டால், பூஜையில் வைத்ததை விஜயதசமியன்று மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாமி குத்தம் என்றார்.

மாமிக்கு ஃபோன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மாமாவின் குரல் போன கதையைச் சொன்னேன். பிரபு சாமி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். சுமதி எழுந்தாள். ஒரு கற்பூரம் ஏற்றிக் காட்டினாள், டிஸ்க்கைப் பிடுங்கி என் கையில் வைத்தாள். "அது இன்னா நம்ம ஆயுதமா? அவங்க ஆயுதம் அவங்க கையில இருந்தா தான் சாமிக்கே மரியாத, நீ எட்த்துக்கினு போக்கா!"

கறுத்த திரை

கோயில் தெருவில் அந்த வீட்டு வாசற்படி ஏறும்போதே பார்த்துவிட்டேன். சாமந்தி மாலைக்கு நடுவே திரை கறுத்துக் கிடந்தது. அணைத்துவிட்டீர்களா மாமி என்று கேட்டேன். பூஜை நேரத்துக்கு மட்டும்தானே அணைத்தேன் என்றார் மாமி, கையில் சுண்டலோடு. கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் உள்ளே வந்த மாமா திரையைப் பார்த்தார். ஒன்றும் சொல்ல முடியாத மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் தரையில் மண்டியிட்டுப் பெட்டியில் காதை வைத்தேன். டக், டக். ஓடிக்கொண்டிருந்தது! மாமி அணைத்தது மானிட்டரை மட்டும். கன்னத்தில் ஒட்டிய சந்தனத்தோடு நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "தெனமும் இந்தப் பொத்தானை அமுக்கிட்டுத்தானேம்மா படுத்துக்கறேன், கறுத்துப் போறதே, அதுக்குப் பேர் அணைக்கறது இல்லையோ?"

ஃபேன் சத்தம்

காப்பி ஓட ஆரம்பித்தது. நடுநடுவே நிற்கும், டிஸ்க் முனகும், மறுபடி நகரும். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒரு வழியாக முடிந்தது. சரியாக வந்திருக்கிறதா என்று என் டிஸ்க்கிலிருந்து ஒரு பதிவைப் போட்டேன். கணீரென்ற குரலில் பாசுரம் ஆரம்பித்தது. இரண்டாவது அடியில் சட்டென்று நின்று, "கோமளா, அந்த ஃபேனை அணையேன், எரைச்சல் விழறது!" என்று அதட்டியது.

உள்ளே வேலையாக இருந்த மாமி விறுவிறுவென்று வந்து ஃபேனை அணைத்தார். அணைத்த கை ஸ்விட்சிலேயே நின்றுவிட்டது. மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். மாமி அவரைப் பார்த்தார், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், என்னிடம் சொன்னார்: "பாசுரமெல்லாம் பிள்ளைக்கு இருக்கட்டும்மா, எனக்கு அந்தத் திட்டை மட்டும் இன்னொரு தரம் போடு."

அணைக்கலாமா வேண்டாமா என்று இன்றைக்கும் யாராவது ஃபோனில் கேட்டால், முதலில் காப்பி எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு, நான் கேஸை மூடினேனா என்று பார்க்கப் போய்விடுகிறேன்.