புளியமரத்தடியில் ஒரு முழம் மல்லி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். ஆனால் இது நடந்தது. பெரம்பலூரில் சைக்கிள் கடை வைத்திருந்த உத்திராபதிக்குப் பொய் சொல்லக்கூடத் துப்பு கிடையாது. குரும்பலூர் ராசாத்தியை இரண்டு வருஷமாக மனதில் வைத்திருந்தான். கேட்கத்தான் வாய் வரவில்லை. 1981 பங்குனியில் அவளே வழி சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை ஓடைக்கரைப் புளியமரத்தடியில பூ வச்சிட்டுப் போங்க. அது என் தலையில இருந்துச்சுன்னா உங்க வூட்டுப் பெரியவங்கள அனுப்புங்க."

எங்கள் பக்கம் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை. ஒரு முழம் குண்டுமல்லியோடு போனான். தரையெல்லாம் கட்டெறும்பு. மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. பூவை அதன்மேல் வைத்துவிட்டு ஓடைக்குள் இறங்கி மறைந்து நின்றான்.

சரியாகப் பன்னிரண்டு. காற்று நின்றது. காக்கைச் சத்தம்கூட இல்லை. எட்டிப் பார்த்தான். கல்மேல் பூ இல்லை. ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். தலையில் மல்லி. சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கியது.

"ராசாத்தி…"

அவள் திரும்பவில்லை.

அவன் வைத்தது ஒரு முழம். அவள் தலையில் பூ இடுப்புவரை தொங்கியது…

கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்… சொட்… தரை நனையவில்லை.

"கட்டிக்கிறீங்களா?"

குரல் அவன் காதோரம் கேட்டது.

"ம்…"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கண் இமைத்தான். யாருமில்லை.

ஒன்றேகாலுக்கு, அவன் ஊர் திரும்ப நின்ற பஸ் ஸ்டாப்புக்கு ராசாத்தி வந்தாள். வெறும் தலை.

"அப்பா இவ்ளோ நேரம் வெளிய விடல. பூ அங்கதான இருக்கு?"

அவன் பார்த்ததைச் சொன்னான். அந்த "ம்"மை மட்டும் விட்டுவிட்டான்.

"மரத்தடியிலன்னுதான சொன்னேன். கல்லு மேலயா வச்சீங்க?" அவள் முகம் வெளுத்தது. "அது எங்க பங்காளி வூட்டுக் கன்னி. பூ வைக்கிற அன்னிக்குக் காலையில தலைக்குக் குளிக்கப் போயி, கெணத்துல விழுந்து செத்துட்டா. வருஷா வருஷம் பாவாடை, வளையல், மஞ்சள் எல்லாம் வச்சுக் கும்புடுவாங்க. பூ மட்டும் வைக்க மாட்டாங்க."

"ஏன்?"

"அத மாப்பிள்ளைதான் வைக்கணும்னு…"

அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அவ ஏதாச்சும் கேட்டாளா? நீங்க ஒன்னும் சொல்லலையே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ராசாத்தி ஓரடி தள்ளி நின்றாள்.

வைகாசியில் அவளை அரியலூரில் கட்டிக்கொடுத்தார்கள். உத்திராபதி கடைசிவரை தனியாள்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால் ஒன்றே ஒன்றுதான் சொல்வான்.

"நான்தான் பூ வச்சிட்டேனே."