மூன்று மணிவரை கேட்காதீர்கள்

ஒஸ்லோவில் எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் காலை வணக்கத்துக்கு அடுத்த வேலை, அவரவர் தம் அரைகுறை வேலையைத் திரையில் போட்டுக் காட்டுவதுதான். "இது ஓடவில்லை, ஏனென்று தெரியவில்லை" என்று மேலாளர் லார்ஸே சிரித்துக்கொண்டு சொல்வார். எனக்கு முதல் வருடம் முழுக்க உடம்பு கூசியது. யாழ்ப்பாணத்து ரியூசன் வகுப்பு வாங்குப் பலகையில், பக்கத்தில் இருப்பவன் பார்க்காமல் விடையை முழங்கையால் மறைத்து எழுதித்தான் நாங்கள் படித்தோம். முடிந்ததைத்தான் காட்டுவோம். முடியாததைக் காட்டினால் மானம் போய்விடும்.

பிறகு லார்ஸை நச்சரித்து, யாழ்ப்பாணத்திலும் ஒரு மென்பொருள் குழுவைத் தொடங்க வைத்தேன். நாலே பிள்ளைகள், கொடிகாமத்துத் துஷ்யந்தி பொறுப்பு. நாட்கணக்கில் சத்தமே இராது, திடீரென்று முழு வேலையும் வந்து சேரும். அந்த மௌனம் லார்ஸுக்குப் பிடிக்கவில்லை. "எதையோ ஒளிக்கிறார்கள். இனிச் சின்னச் சின்ன வேலையாகப் பிரித்துக் கொடுப்போம். கமராவும் நாள் முழுக்கத் திறந்திருக்கட்டும்" என்றார். எங்கள் பிள்ளைகளை எடுபிடிகளாக்கப் பார்க்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரிந்து பேசப் புறப்பட்டேன். துஷ்யந்தி தொலைபேசியில் மறித்தாள்.

"அண்ணை, எங்களுக்காக நீங்கள் கதைக்க வேண்டாம். நானே கதைக்கிறன்."

லார்ஸோடு கதைத்தாள். யாழ்ப்பாண நேரம் மூன்று மணிவரை யாரும் எதுவும் கேட்கக்கூடாது, தனித்தனியே யோசிக்க வேண்டும். மூன்று மணிக்கு எல்லாவற்றையும் காட்டுவோம், ஓடாததையும் காட்டுவோம். கமரா வேண்டாம் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். அன்றே ஓடாத ஒன்றைத் திரையில் போட்டு, "ஏனென்று தெரியவில்லை" என்றாள். லார்ஸ் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவருமாகப் பிழையைப் பிடித்தார்கள். அடுத்து வந்த பெரிய வேலை முழுதாக யாழ்ப்பாணத்துக்கே போனது. அன்று நான் அலுவலகத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

இந்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது அவர்கள் அலுவலகத்தில் அவர்களோடு உட்கார ஆசையாக இருந்தது. துஷ்யந்திக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, "என்ன பிள்ளை, எதுவரைக்கும் வந்திட்டியள்?" என்றேன்.

"அண்ணை, இன்னும் மூண்டு மணியாகேல்லை. லார்ஸுக்குச் சொன்னது உங்களுக்கும்தான்."

மற்ற மூவரும் திரைகளுக்குப் பின்னால் சிரிப்பை அடக்கினார்கள். எழுந்து விறாந்தைக்கு வந்தேன். பெருமையாகத்தான் இருந்தது, கொஞ்சம் சுட்டதும் உண்மை. லார்ஸிடமிருந்து செய்தி வந்தது: "நீ அங்கேதானே இருக்கிறாய், என்ன செய்கிறார்கள்?" தெரியாது என்று பதில் போட்டேன். சாத்திய கதவுக்குப் பின்னால் என் மொழியில் கதைத்துக் கொண்டிருந்தார்கள். நானும் ஒஸ்லோக்காரர்களில் ஒருவனாக வெளியே நின்று, மூன்று மணியாகட்டும் என்று காத்திருந்தேன்.