சிஸ்டருக்குக் கிடைத்த ஓய்வு

தெரு முழுக்க அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். பெரிய மருத்துவமனையில் நர்ஸ். தலைவலி என்று வந்தாலும் சரி, தலை போகிற காரியம் என்று வந்தாலும் சரி, வந்தவரை முதலில் ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பாள். பாதி நோய் அதிலேயே ஓடிவிடும், மீதிப் பாதிக்கு மாத்திரை. மனித குலத்தின் மேல் அவளுக்குப் பெரிய மதிப்பெல்லாம் கிடையாது. ஊசியைக் கண்டு அலறுகிற பயில்வான்களையும், அம்மா மூச்சு விடத் திணறும்போது நகையைப் பற்றிப் பேசுகிற பிள்ளைகளையும் வார்டில் பார்த்துப் பார்த்து, அவள் உதட்டோரம் தானாகவே கொஞ்சம் கோணிப்போயிருந்தது.

அவளுக்கென்று இருந்த ஆசை ஒன்றுதான்: வீட்டின் பின்னறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், சாத்தினால் சாத்திக்கொள்கிற ஒரு கதவு. ராத்திரி வேலை பார்த்துவிட்டு விடிந்த பிறகு படுக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய சொத்து எது? ஆனால் அந்த அறை அவளுக்கு வாய்க்கவே இல்லை. முதலில் மாமியார் அதில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவர் போனதும் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று மகள் புகுந்துகொண்டாள். டிவி சத்தத்துக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவே, கூடத்து சோபாவில், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கியே சிஸ்டருக்குத் தலை நரைத்தது. மகள் கல்யாணமாகிப் போன பிறகு ஒருநாள் கணவரிடம் பட்டென்று சொன்னாள்.

"நான் ரிட்டயர் ஆனதும் அந்த ரூம் எனக்கு. நல்லாத் தூங்கணும். யாரும் என்னை எழுப்பக் கூடாது."

"உனக்கு இல்லாம வேற யாருக்கு?" என்றார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். அவளுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டார். வேலையில் இருந்தவரைக்கும் குடித்த டம்ளரைக் கழுவி வைத்து அறியாத மனுஷன். வீட்டில் சும்மா உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தவர் கண்ணில் எவனோ ஒரு தொப்பிக்காரனின் வீடியோ பட்டது. அவன் பருவத்துக்குத் தகுந்தபடி தோட்டம் போடுவானாம், பறித்ததைச் சமைப்பானாம், ஒட்டுத்துணிப் போர்வை தைப்பானாம், மடியில் பூனை தூங்குமாம். "வாழ்ந்தா இப்படி வாழணும்" என்றார் பரிசோதகர்.

வெயில் காலத்தில் தோட்டம் ஆரம்பமானது. முதலில் தொப்பி வந்தது, அப்புறம் கையுறை, அதன் பிறகுதான் மண்வெட்டி. தக்காளியும் அவரையும் விதைத்துவிட்டு, முளைத்த நாற்றுகளுக்கு நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து, ஒவ்வொன்றையும் டிக்கெட் கேட்கிற தோரணையில் உற்றுப் பார்ப்பார். விதைக்கக் குனிந்தால் அவர் இடுப்புக்கு ஒன்றும் ஆகாது. களை எடுக்கக் குனிந்தால் மட்டும் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட இடுப்பை சிஸ்டர் தன் சர்வீஸில் வேறு எங்கும் பார்த்ததில்லை. டியூட்டி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு அவள்தான் களை பிடுங்கினாள்.

மழை வந்ததும் அவர் சமையலுக்குத் தாவினார். ஒரு பூசணிக்காய் சூப்புக்கு வீட்டிலுள்ள பாத்திரமெல்லாம் வேண்டும். வதக்க ஒன்று, வேக வைக்க ஒன்று, ருசி பார்க்க ஒன்று, அழகுக்கு ஒன்று. சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஒரு தழையைக் கிள்ளிப் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்புவார். படத்தில் பாத்திரம் கழுவுகிற தொட்டி விழாது. தொட்டியில் அடிப்பிடித்த சட்டிகள் சிஸ்டருக்காகக் காத்திருக்கும்.

அதே மழையில்தான் பூனைகளும் வந்தன. முதலில் ஒன்று ஒதுங்கியது. இவர் பால் வைத்தார், அது உறவுகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. கொழுத்ததற்கு முதல் வகுப்பு என்றும், மெலிந்ததற்கு இரண்டாம் வகுப்பு என்றும், ஜன்னல் வழியாகக் கேட்காமல் கொள்ளாமல் நுழைகிற பெண் பூனைக்கு வித்தவுட் என்றும் பெயர் வைத்தார். பெயர் வைப்பதோடு அவர் கடமை முடிந்தது. அசிங்கம் பண்ணிய இடத்தைக் கழுவுவதும், புண்ணுக்கு மருந்து போடுவதும் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

தெருவோ அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. எதிர்வீட்டு டீச்சர் வாரம் ஒருதரம் வந்து தோட்டத்தைப் பார்த்து மூக்கின் மேல் விரலை வைப்பாள். "நீங்க கொடுத்து வெச்சவங்க சிஸ்டர். எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, வெந்நீர்கூட வைக்கத் தெரியாது." போனில் மகள் உருகினாள். "அப்பா எவ்வளவு மாறிட்டாரும்மா! நீதான் அவரைக் கொஞ்சங்கூடப் பாராட்டவே மாட்டேங்கிற."

முப்பது வருஷம் இதே வீட்டில் அவள் சமைத்ததை ஒருத்தராவது படம் எடுத்தார்களா? சிஸ்டருக்கு வாய் வரைக்கும் வந்தது. மகளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விழுங்கிக்கொண்டாள்.

பனி இறங்கியபோது ஒட்டுத்துணிப் போர்வைக்கு முறை வந்தது. பழைய சட்டை, கிழிந்த திரைச்சீலை, அவளுடைய நல்ல புடவையில் ஒன்று, எல்லாம் சதுரம் சதுரமாக வெட்டுப்பட்டன. தையல் மெஷின் பின்னறைக்குள் போனதைப் பார்த்ததும் சிஸ்டர் வாசலை மறித்து நின்றாள்.

"அது என் ரூம்."

"நீ ரிட்டயர் ஆகிற வரைக்கும்தானேம்மா? அப்புறம் பாரு, உனக்கே ஆச்சரியமா இருக்கும்."

அதற்குப் பிறகு அறைக்கதவு எப்போதும் சாத்தியே இருந்தது. உள்ளே மெஷின் கடகடவென்று ஓடும். ஒருவேளை எனக்காகத்தான் ஏதோ செய்கிறாரோ என்று அவளுக்கு ஒரு சின்ன நினைப்பு வந்தது. ஆளைத் தெரிந்தும் இப்படி நினைக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் நினைப்பு போகவில்லை. கட்டில், சுத்தமான விரிப்பு, மேலே ஒரு போர்வை. கடைசி மாதத்து ராத்திரி டியூட்டிகளை அந்த நினைப்பில்தான் ஓட்டினாள்.

ஓய்வு பெறும் நாள் வந்தது. வார்டில் கேக் வெட்டி, இரண்டு பேர் பேசி, ஒருத்தி அழுது, மத்தியானத்துக்குள் அனுப்பி வைத்தார்கள். வீட்டு வாசலில் பரிசோதகர் தொப்பியோடு நின்றார். பக்கத்தில் டீச்சர் வேறு.

"கண்ணை மூடிட்டு வா" என்று கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப்போனார்.

கண்ணைத் திறந்தாள். கட்டிலைக் காணோம். நடுவில் நீளமாக ஒரு மேஜை, அதன் இரண்டு பக்கமும் நாற்காலி. ஒன்றில் அவருடைய மெத்தை தேய்ந்து கிடந்தது, மற்றதில் புது மெத்தை. அலமாரி நிறைய மடித்து வைத்த போர்வைகள், கலர் கலராக. ஒன்றைப் பிரித்தாள். ஒற்றைத் துணி. இன்னொன்றைப் பிரித்தாள். அதுவும் அப்படித்தான்.

"உள்ளே பஞ்சு எங்க? அடித்துணி எங்க?"

"மேல்பக்கம் எல்லாம் நான் முடிச்சுட்டேன்" என்றார் அவர் பெருமையாக. "பஞ்சு வெச்சு, அடித்துணி போட்டு, மூணையும் சேர்த்துக் கையாலயே தைக்கணும். அது பொறுமையான வேலை. உனக்குத்தான் பொறுமை ஜாஸ்தி. அதான் உனக்குன்னு சேர்த்து வெச்சிருக்கேன். காலைல களை, அப்புறம் பூனைங்க, மத்தியானத்துல இருந்து ரெண்டு பேரும் இங்கயே உட்கார்ந்துடலாம். இனிமே நீ ஃப்ரீதானே!"

"கட்டில்?"

"ஷெட்டுல போட்டிருக்கேன். வித்தவுட் அதுல குட்டி போட்டிருக்கா."

"இந்த ரூம் எனக்குன்னு சொன்னேனே."

"உனக்குத்தானே செஞ்சிருக்கேன்!"

அவர் முகத்தில் துளி கள்ளம் இல்லை. அதுதான் சிஸ்டரைச் சுருக்கென்று தைத்தது. ஏமாற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்த மனுஷன் நிஜமாகவே அன்று அவள் சொன்னதைக் கேட்கவில்லை. வேலையை மிச்சம் வைத்துவிட்டு, அதற்குப் பரிசு என்று பெயர் வைத்திருக்கிறார். இத்தனை வருஷமும் இவரோடுதான் குடித்தனம் பண்ணினோமா?

"எவ்வளவு ஆசையாப் பண்ணியிருக்கார் பாருங்க" என்றாள் டீச்சர். "நிஜமாவே கொடுத்து வெச்சவங்க."

"அப்படியா? அப்போ நீங்க கூட்டிட்டுப் போங்க. ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. பாத்திரத்தை மட்டும் எண்ணி எடுத்து வெச்சுக்குங்க."

டீச்சர் அசட்டுச் சிரிப்பு சிரித்து நழுவினாள். சிஸ்டர் மெஷினைத் தூக்கிக் கூடத்தில் வைத்தாள். கத்தரிக்கோல், நூல்கண்டு, நாற்காலி என்று ஒவ்வொன்றாக வெளியே போயின. மேஜையின் ஒரு முனையை அவள் பிடிக்க, ஒன்றும் புரியாமல் மறுமுனையை அவரே பிடித்துக்கொடுத்தார். அவரும் மேஜையுமாக வாசலைத் தாண்டியதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அலமாரியிலிருந்த போர்வைகள் அத்தனையையும் எடுத்தாள். ஒன்றின் மேல் ஒன்றாகத் தரையில் விரித்தாள். ஒற்றைத் துணிதான், ஆனால் மாதக்கணக்கில் தைத்ததாயிற்றே, நல்ல கனமாகவே வந்தது. உடுப்பைக்கூட மாற்றாமல் அதன் மேல் படுத்தாள். ஜன்னலுக்கு வெளியே களை மண்டிக் கிடந்த தோட்டம் தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது.

"ஏம்மா, போர்வைங்க மேல படுத்துடாதே. கசங்கிடும்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தட்டல், இந்தத் தடவை மெதுவாக.

"உடம்புக்கு ஏதாவது முடியலையா? டீச்சர் என்ன நினைச்சிருப்பாங்க? சரி, அதை விடு. ராத்திரிக்கு என்ன பண்ணப் போற?"

ஊரே கொண்டாடிய சமையல்காரர் கதவுக்கு வெளியே நின்று கேட்டார். சிஸ்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு, வார்டில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"பேஷன்ட் தூங்கறாங்க. சத்தம் போடாம வெளிய இருங்க."