இல்லாத மாநிலத்தின் சட்டம்

என் அண்ணி ஒடெட் பூலியோ சட்டக் கல்லூரிப் பக்கமே போனதில்லை. எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் அதற்கு இடமுண்டு. ஒரு வக்கீலிடம் நான்கு வருடம் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். அப்புறம் எல்லாரோடும் உட்கார்ந்து, வக்கீலாவதற்கான பார் தேர்வை எழுத வேண்டும். அண்ணி படித்தது வில்லா ஹாஸ்கின்ஸிடம். வில்லாவுக்கு வயது அண்ணியைவிட ரொம்பக் குறைவு. ஊரின் ஒரே வக்கீல் அவள்தான். அவளும் அடுத்த கோடைக்குள் பாஸ்டனுக்குக் கிளம்புகிறாள். அண்ணி தேறினால் அலுவலகம் அண்ணிக்கு; இல்லாவிட்டால் பூட்டு.

விண்ணப்பமே பெரிய தலைவலி. நடத்தை எப்படி என்று பார்க்கிறார்களாம்! குடியிருந்த வீடுகள், பார்த்த வேலைகள், கட்டிய அபராதங்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள்.

"என்னைக் கல்யாணம் பண்ணினதை எதுல போட்ட?" என்று கேட்டான் என் அண்ணன் மார்செல்.

"அபராதத்துல," என்றார் அண்ணி, தலையைத் தூக்காமல்.

தேர்வு இரண்டு நாள். இரண்டாம் நாள் இருநூறு கேள்விகள், சரியான விடையைக் குறித்தால் போதும். அதில் அண்ணிக்குப் பயமில்லை. முதல் நாள் எழுத்து. அதில் ஒரு பகுதிக்கு வழக்குக் கட்டு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். வழக்கு நடப்பது உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு மாநிலத்தில். அதன் சட்டமும் தீர்ப்புகளும் அந்தக் கட்டிலேயே இருக்கும். வெளியே கற்றது எதுவும் வேண்டாம். அதை வைத்துக்கொண்டு கேட்டதை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஜூலையில் அண்ணி அங்கேதான் கோட்டை விட்டார். இரண்டு விவசாயிகளுக்குள் வேலித் தகராறு. ஒருவர் பக்கம் வாதம் எழுத வேண்டும். அண்ணியோ, முதலில் இருவரையும் போனில் கூப்பிட்டுப் பேச வைக்க வேண்டும், தீர்ப்பு வருவதற்குள் வேலியே உளுத்துவிடும் என்று எழுதிவைத்தார். போதாததற்கு வெர்மான்ட் சட்டத்தையும் நடுவில் நுழைத்தார். எங்கள் ஊரில் பாதி வழக்கு போனில்தான் முடிகிறது, அது வேறு விஷயம். கொஞ்ச மதிப்பெண்ணில் போய்விட்டது.

வில்லா குதித்தாள். "உங்ககிட்ட யோசனை யாரு கேட்டா ஒடெட்? வாதம் எழுதுன்னா வாதம் எழுதுங்க!"

"ரெண்டு பேரும் பாவம்டி."

"அந்த ரெண்டு பேரும் உலகத்துலயே கிடையாது!"

எனக்கு வில்லாமேல் எரிச்சலாக வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி.

பிப்ரவரியில் மறுபடி. தேர்வு நடக்கும் பர்லிங்டன் வரை பனியில் நான்தான் வண்டி ஓட்டினேன். முதல் நாள் தேர்வு முடிந்த சாயங்காலம் அண்ணி சூப்பைத் தொடவேயில்லை.

"என்ன கேஸ் அண்ணி?"

"வாடகை பாக்கி. புருஷன் செத்துப்போனவ, ரெண்டு குழந்தை. நான் அவளைக் காலி பண்ணச் சொல்ற வீட்டுச் சொந்தக்காரன் பக்கம்."

"அவளுக்குச் சாதகமா ஒண்ணுமே இல்லையா?"

"ஒரு தீர்ப்பு இருந்துச்சு. அது இவளுக்குப் பொருந்தாதுன்னு வரிக்கு வரி எழுதினேன். நல்லாவே எழுதினேன்." சூப்பைத் தள்ளி வைத்தார். "யாருக்கும் போன் பண்ணச் சொல்லல."

எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஏப்ரலில், சாலையெல்லாம் சேறாகக் கிடந்தபோது, முடிவு வந்தது. அலுவலகத்தில் கணினியைச் சுற்றி நாங்கள் நால்வரும் கூடியிருந்தோம். தேர்ச்சி! மார்செல் போட்ட கூச்சலில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணி மட்டும் உட்கார்ந்தே இருந்தார். கண் நிறைந்திருந்தது.

"சந்தோஷத்துல அழறீங்களா?" என்றாள் வில்லா.

"தேறிட்டேன்னா என் வாதம் நின்னுடுச்சுன்னுதானே அர்த்தம்?" என்றார் அண்ணி. "அப்ப அவ குழந்தைங்களோட வீட்டைக் காலி பண்ணிட்டா."

மார்செல் சிரித்தான். வில்லா சிரிக்கவில்லை. அண்ணியின் தோளில் கை வைத்தாள்.

"இனிமே வர்றவங்க நிஜமா இருப்பாங்க ஒடெட்," என்றாள்.