மல்லாவி வீட்டுக்கு யார் கமிசன் குடுக்கிறது?

முன்னொரு காலத்தில் என்று தொடங்க ஆசைதான், ஆனால் இது போன மாரி முடியத்தான் நடந்தது: ஒரு ஊரில் ஒரு வீடாம், அதை விற்க ஒரு ஆளாம், வாங்க ஒரு ஆளாம், நடுவில் நடந்து செருப்புத் தேய நாங்களாம். காணி, வீடு பிடித்துக் கொடுக்கிற புரோக்கர் வேலையில் செருப்புத் தேய்வது பழசு. மூளை தேய்ந்தது இப்போதுதான். வீடு விற்கப் போய் நொந்தவர்கள் யாரும் இதை வாசித்தால் கொஞ்சம் தள்ளி இடம் விடுங்கள், நானும் உங்களோடு குந்துகிறேன்.

புது விதி

எங்கள் பக்கத்துப் புரோக்கர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. இவ்வளவு காலமும் வழக்கம் சுலபமாக இருந்தது. விற்கிறவர் கமிசனை ஒரே கையில் கொடுப்பார். அந்தக் காசை வாங்கின புரோக்கர் அதில் மற்றப் பக்கத்துப் புரோக்கருக்கும், தேத்தண்ணிக் கடையில் முதல் வாய் திறந்து "அங்க ஒரு வீடு கிடக்கு" என்று சொன்னவருக்கும் பங்கு வைப்பார். சங்கம் அதை மாற்றிவிட்டது. இனி அவரவர் புரோக்கருக்கு அவரவர்தான் கொடுக்க வேண்டும். வாங்க வருகிறவர் அதற்குச் சம்மதம் என்று ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்காமல் வீடு காட்டவும் கூடாது.

இதை நான் முதலில் கொண்டுபோய்ச் சொன்னது மல்லாவியில் இராசமலர் அக்காவிடம். அவாவின் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. இரத்தம் சுத்தம் செய்கிற மெசினுக்காகக் கிழமைக்கு மூன்று தரம் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போகவேண்டும். திரும்பி வரும்போது மனிசன் பின்சீற்றில் படுத்தபடிதான் வருவார். இந்த வீட்டை விற்று ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு சின்ன வீடு வாங்கவேண்டும்; அந்த வீட்டுக்காரரோ சித்திரைக்கு மேல் பொறுக்கமாட்டேன் என்றுவிட்டார். "வாங்கிற ஆளின்ர புரோக்கருக்கு நீங்கள் இனி ஒண்டும் குடுக்கத் தேவையில்லை, அக்கா" என்றேன், கல்யாணச் செய்தி கொண்டுபோனவன் மாதிரி. அவா என்னை மேலும் கீழும் பார்த்தா.

"அப்ப தம்பி, நீர் இவ்வளவு நாளும் ஆரின்ர ஆளா இருந்தனீர்?"

வேலிச் சுற்று

வாங்க வந்தவர் நசீர் நானா. முல்லைத்தீவுக்காரர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்து, இரும்புச் சாமான் கடை போட வீட்டோடு சேர்ந்த இடம் தேடிக்கொண்டிருந்தார். கேற்றடியில் நான் கடதாசியை நீட்டினேன். கையெழுத்து வைத்தே பாதி வாழ்க்கை போய்விட்டது, இனி வீட்டு உறுதிப்பத்திரத்துக்கு மட்டும்தான் வைப்பேன் என்றார். விதிப்படி என்னால் கேற்றைத் திறக்க முடியாது. அவர் கோபிக்கவில்லை. வேலியோரமாக நடக்கத் தொடங்கினார்.

உள்ளே அக்காவும் அவரோடு கூடவே நடந்தா. "இது குசினி, நானா. அது கிணறு. அந்தப் பக்கம் பலா, போன வருசம்தான் காய்ச்சது." வெளியே அவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டு போனார். கடதாசியோடு நான் யாருக்குப் பின்னால் போவதென்று தெரியாமல் நின்றேன். சுற்றி முடிய அக்கா தேத்தண்ணியை வேலிக்கு மேலால் நீட்டினா. நான் வீடு காட்டினேனா இல்லையா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நானா குடித்து முடித்து வெறும் கோப்பையை என்னிடம் தந்தார்.

"தேத்தண்ணிக்கும் கையெழுத்து வைக்கோணுமோ, தம்பி?"

வாய் திறந்தவர்

நானாவுக்கு வீடு பிடித்துவிட்டது. அடுத்த நாளே தவம் அண்ணை என் முன்னால் உழவு மெசினை நிறுத்தினார். இந்த வீட்டைப் பற்றித் தேத்தண்ணிக் கடையில் நானாவிடம் முதல் சொன்னவர் அவர்தான். பழைய வழக்கப்படி அவருக்கு ஒரு பங்கு உண்டு. புது விதிப்படி அவர் நானாவின் ஆள். நானாவோ, "நான் ஆரையும் பிடிக்கேல்லை. அவர் கதைச்சார், நான் கேட்டன். காது குடுத்ததுக்கும் காசோ?" என்கிறார்.

நான் தவம் அண்ணைக்கு விதியை மெதுவாக விளங்கப்படுத்தினேன். எனக்குச் சத்தமாகக் கதைக்க வராது. அவர் எஞ்சினை நிற்பாட்டாமலே கேட்டதால் பாதி விதி புகையோடு போயிருக்கும். ஆனால் அவர் சொன்னது எனக்கு வடிவாகக் கேட்டது.

"ஆடியில அந்தக் கிணறு வத்துமெண்டு நான் சொல்லுறதுக்கு உங்கட சங்கத்தின்ர விதி தேவையில்லைத்தானே?"

கழிவு

கடைசியில் நானா, தன் பக்கத்துக் கமிசனைத் தவம் அண்ணைக்கோ எவருக்கோ கொடுக்கச் சம்மதித்தார். சம்மதித்த கையோடு விலையில் அதே அளவைக் குறைத்தார். "நான் குடுக்கிறதை விலையிலதானே கழிக்கலாம், தம்பி. வேற எங்க கழிக்கிறது, என்ர தாடியிலயோ?" அக்காவிடம் நான் புது விலையை மட்டும்தான் சொன்னேன். அவா தானாகவே பிடித்துவிட்டா. முன்பென்றால் கமிசனைத் தன் கையால் கொடுத்திருப்பாவாம். இப்போது கொடுக்காமலே அந்தக் காசு விலையில் போகிறதாம். அதோடு வவுனியாவில் சின்ன வீட்டை அவாதான் வாங்குகிற ஆள். அங்கே புரோக்கர், வாங்குகிறவரும் தரவேண்டும் என்று நிற்கிறார்.

சித்திரை கிட்ட வந்துகொண்டிருந்தது. நான் சங்கத் தலைவருக்குப் போன் எடுத்தேன். விற்கிறவர்களுக்கு நன்மை என்றுதானே மாற்றினோம், அந்த நன்மை எங்கே போனது என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் இருமினார்.

"விதி சரி தம்பி. சனம்தான் பிழை."

நொத்தாரிசின் கந்தோர்

நொத்தாரிசு தன் அலுவலகத்தில் உறுதிப்பத்திரம் எழுதுகிற நாள். அன்று மெசின் நாள் என்பதால் அக்காவின் கணவர் விடியவே வவுனியாவுக்குப் போய்விட்டார். அக்கா தனியாக வந்தா. தவம் அண்ணை வாசலில் நின்றார். இன்றைக்குக் கிணற்றுக் கதை வரும் என்று நினைத்தேன். நினைத்தபடியே நானா பேனையைக் கையில் எடுத்துவிட்டு, திரும்பி அவரைத்தான் கேட்டார்: "தவம், நீர் இந்த ஊர். ஆடியில கிணறு எப்பிடி?"

அக்கா தவம் அண்ணையைப் பார்க்கவேயில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தா. "காலமை இறைச்சாக் கலங்கும். பின்னேரம் ஊறிப்போடும்" என்றார் அவர். "வத்தினதை நான் காணேல்லை." நானா கையெழுத்து வைத்தார். பிறகு அக்காவும் வைத்தா.

வெளியே வந்ததும் அக்கா காசை வெற்றிலையில் சுற்றித் தவம் அண்ணையின் கையில் வைத்தா. வவுனியாப் புரோக்கருக்கு என்று இன்னொன்று மடித்து வைத்திருந்தா. எனக்கும் தந்தா, வாங்காமல் விட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். "அக்கா, தவம் அண்ணைக்கு நானா குடுக்கிறார். விதிப்படி நீங்கள் குடுக்கத் தேவையேயில்லை" என்றேன், கடைசித் தடவையாக.

"மெசினில படுத்திருக்கிற மனிசனுக்கு ஒருத்தற்ற வயித்தெரிச்சலும் வேண்டாம், தம்பி. விதியை நீங்கள் மல்லாவியில வைச்சிருங்கோ, நாங்கள் வவுனியாவுக்குப் போறம்."

நானா உறுதியின் பிரதியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார், தவம் அண்ணை வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு போனார், அக்கா குடையை விரித்துப் பஸ் எடுக்கப் போனா.

கமிசன் விதி மாறினது உண்மைதான், கொடுத்த கை மட்டும் மாறவில்லை.